அவங்க பேரைச் சொல்ல மாட்டேன்

பிலோமி கண்ணாடி போட்டிருக்கிறாள். முதலில் அதுதான் கண்ணில் பட்டது. அவள் என்ன சொல்கிறாள் என்பது அப்புறம்தான் காதில் விழுந்தது. அபிநயாவின் செல்போன் என் டிபன் பாக்ஸ் மூடியில் சாய்ந்து நிற்கிறது, அதற்குள்ளே பிலோமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், சேலைத் தலைப்பில் சின்ன மைக், பின்னால் சுவரில் மாதா படம். கண்ணாடி மூக்கிலிருந்து இறங்குகிறது, ஒற்றை விரலால் மேலே தள்ளுகிறாள், மறுபடி இறங்குகிறது. எங்கள் கோகோ டீமிலேயே கண் கூர்மையானவள் அவள். கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஓடுகிறவளின் தோளைப் பார்த்தே எந்தப் பக்கம் திரும்பப்போகிறாள் என்று சொல்லிவிடுவாள். ஐம்பத்தைந்து வயதில் யாருக்கும் கண்ணாடி வரும்தான், எனக்கு நாற்பத்திரண்டிலேயே வந்துவிட்டது, இருந்தாலும் பிலோமிக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. "அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு," என்கிறாள் பிலோமி. "காலேஜ் கோகோ டீம்ல இருந்தேன். மாஸ்டர் பேரு துரைசிங்கம்." அபிநயா வெண்டைக்காய்ப் பொரியலை மென்றபடி, "பேரையே சொல்லிட்டாங்க பாருங்க," என்கிறாள். எதிரே கற்பகவல்லி சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைகிறாள். ஒன்றரை மணி. ரெக்கார்டு ரூமில் பழைய ஃபைல் கட்டுகளை ஒதுக்கிவிட்டு நாங்கள் மூன்று பேரும் தினம் சாப்பிடுகிற மேசை. இரண்டேகாலுக்கு மறுபடி சீட்டுக்குப் போக வேண்டும். நான் தயிர்ச்சோற்றில் கையை வைத்தபடி இருக்கிறேன், கை அசையவில்லை, யாரும் கவனிக்கவில்லை.

பிலோமினா. மணப்பாட்டிலிருந்து வந்தவள். லீவு முடிந்து ஹாஸ்டலுக்கு வரும்போது ஒரு பிஸ்கட் டின் நிறைய வறுத்த நெத்திலி கொண்டுவருவாள், டின்னைத் திறந்தால் மாடி முழுக்க மணக்கும், வார்டன் வருவதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்று ஒன்பது பேரும் கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிடுவோம். அப்படி ஒரு ருசி எனக்கு இந்த நாக்கில் பிறகு வந்ததே இல்லை. காலையில் ஐந்தரைக்கு மைதானம். செம்மண், பனியில் கொஞ்சம் நனைந்து காலுக்குக் கீழே மெத்தென்று இருக்கும். வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுக்குச் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருப்போம், முதல் ஓட்டத்திலேயே சிவப்பாகிவிடும். எட்டுப் பேர் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்போம், ஒருத்தி கிழக்கே பார்த்து, அடுத்தவள் மேற்கே பார்த்து. பின்னால் ஓடி வருகிறவள் முதுகில் தட்டி "கோ" என்பாள், தட்டின கையின் சூடு போவதற்குள் எழுந்து பாய வேண்டும், தட்டினவள் நம் இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். பிலோமியின் தட்டு எனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அது அவள் கைதான் என்று சொல்வேன். மேட்சுக்கு முன்னால் அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எனக்கும் சேர்த்துப் போடுவாள், நான் திருச்செந்தூர் திருநீற்றைப் பூசிக்கொண்டு அவளுக்கும் கொஞ்சம் பூசுவேன். "ஏட்டி பிரம்மு, ரெண்டு பேரும் பாத்துக்கிடட்டும்," என்பாள். பிரம்மசக்தி என்ற என் முழுப் பெயரை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. இடைவேளையில் எலுமிச்சைத் துண்டை உப்பில் தொட்டுச் சப்புவோம், குளுக்கோஸ் பொடியை உள்ளங்கையில் கொட்டி நக்குவோம், கோயம்புத்தூர் போட்டிக்குப் போகும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டை மைல்கல் எண்ணி மாற்றிக்கொள்வோம், பத்துக் கல் அவளுக்கு, பத்துக் கல் எனக்கு. அவள் சிரிப்பாள், ஒன்றுமே இல்லாததற்குச் சிரிப்பாள், மூச்சு வாங்கும் வரைக்கும். இப்போது செல்போனில் பேசுகிறவளிடம் அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

"இத்தனை வருசம் கழிச்சு என்னத்துக்கு இப்ப சொல்லுதா," என்கிறாள் கற்பகவல்லி. கோபமாகச் சொல்லவில்லை, உப்பு குறைவு என்பது மாதிரிச் சொல்கிறாள். "முப்பத்தாறு வருசம். அந்த மனுசனுக்கு எம்பது வயசு இருக்கும். பேரன் பேத்தி எடுத்திருப்பாரு. கோர்ட்டுக்குப் போனாலும் நிக்குமா இது?" "சாட்சி இருக்கணும்லா," என்கிறாள் அபிநயா. இருபத்தாறு வயசு, போன வருசம்தான் வேலைக்கு வந்தாள், நல்ல பெண். "கீழ கமெண்ட்டைப் பாருங்க, நானூறுக்கு மேல போயிட்டு." விரலால் தள்ளி ஒவ்வொன்றாக வாசிக்கிறாள். இவ்வளவு நாள் தூங்கிட்டு இருந்தீங்களா. இந்த வயசுல விளம்பரம் தேவையா. எத்தனை பேரை ஆளாக்கின மனுசன், அவரு மேல சேத்தை வாரி அடிக்காதீங்க. தங்கச்சி நீங்க தைரியசாலி. போனீங்கல்ல, பிறகு என்ன. சாட்சி இருந்தா கூட்டிட்டு வாங்க பாப்போம். இந்த முகத்துக்கா. அந்த ஒன்றை வாசித்ததும் அபிநயா நிறுத்திக்கொண்டாள். "சீ, என்ன ஆளுங்க," என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆனால் ஒலி நிற்கவில்லை, கவிழ்ந்த போனுக்கு அடியிலிருந்து பிலோமி பேசிக்கொண்டே இருக்கிறாள், மேசை மரத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல. "என் கூட இருந்தவங்களுக்குத் தெரியும். அவங்க பேரைச் சொல்ல மாட்டேன். அவங்களுக்குக் குடும்பம் இருக்கு, வேலை இருக்கு. நான் என் கதையை மட்டும்தான் சொல்ல வந்தேன்."

தெரியும். இந்தச் சொல்லைத்தான் நான்கு நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். வீடியோ வந்தது வியாழக்கிழமை, நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன், ஆனால் வியாழக்கிழமையே தெரியும். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ லிங்க்கைப் போட்டு ஐந்து நிமிஷத்தில் அழித்துவிட்டார்கள். அந்தக் குரூப்புக்கு 'எங்கள் மைதானம்' என்று பெயர் வைத்தது நான்தான். பதினான்கு பேர். ஏழு வருசமாகக் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன், பேப்பர்காரர் வண்டிச் சத்தத்துக்கும் பால்காரர் மணிக்கும் முன்னால் அது. பழைய போட்டோ, பழைய பட்டப்பெயர், யார் எந்த மேட்சில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள் என்ற சண்டை. தென்மண்டலப் போட்டியில் ஜெயித்த போட்டோவை மாதம் ஒரு முறையாவது யாராவது போடுவார்கள். நடுவில் ஷீல்டைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர், இரண்டு பக்கமும் நாங்கள். ஓரத்தில் பிலோமி கண்ணை மூடியிருக்கிறாள். "போட்டோ எடுக்கும்போதே தூங்கிட்டாட்டி" என்று எழுதுவோம், சிரிக்கிற முகம் பத்து வந்து விழும். பிலோமி பதில் போட மாட்டாள். போன மாதம் அதே போட்டோவை நானே போட்டேன், மாஸ்டரின் பிறந்தநாள் என்று. அன்றைக்குச் சாயங்காலம் 'பிலோமினா வெளியேறினார்' என்று சாம்பல் எழுத்தில் ஒரு வரி வந்தது. நான் தப்பாக விரல் பட்டிருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமைக்குப் பிறகு குரூப்பில் வந்தது இரண்டே இரண்டு செய்தி. ஒன்று, "மாஸ்டர் பாவம், சாப்பிடவே இல்லையாம்." இன்னொன்று மல்லிகைப்பூப் படம், கீழே "இனிய காலை வணக்கம்".

மாஸ்டர் பாவமா என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது, அதுதான் மாட்டிக்கொள்கிற இடம். பொம்பளைப் பிள்ளை டவுசர் போட்டுக்கொண்டு ஓடுகிறதா என்று அப்பா கத்தியபோது, சைக்கிளில் பதினெட்டு மைல் மிதித்து எங்கள் வீட்டுக்கு வந்தவர் அவர். வாசலில் நின்று, "உங்க மக கால்ல ஒரு வேகம் இருக்கு அண்ணாச்சி, அதை அடுப்படியில வச்சுப் பூட்டிராதீங்க," என்றார். அப்பா அழுதார். என் காலைப் பற்றி இந்த உலகத்தில் முதலில் நல்ல வார்த்தை சொன்ன மனிதர் அவர்தான். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் ஓடினேன், டிகிரி முடித்தேன், விளையாட்டு ஒதுக்கீட்டில் இந்த வேலைக்கு வந்தேன். இதோ என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற இரும்பு பீரோவில் என் பணிப்பதிவேடு இருக்கிறது, முதல் பக்கத்தில் ஒட்டிய சான்றிதழில் அவருடைய பச்சை மைக் கையெழுத்து. முப்பத்துநாலு வருசமாக எனக்குச் சோறு போடுவது அந்தப் பச்சை மைதான். பிலோமிக்கு அந்தத் தாள் கிடைக்கவில்லை. கடைசி வருசம் அவள் மைதானத்துக்கு வரவில்லை, முழங்கால் வலி என்றாள், யாரும் துருவிக் கேட்கவில்லை. ஊரில் தையல் மெஷின் மிதிக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் காலை வைத்துக்கொண்டு தையல் மெஷின்.

கற்பகவல்லிக்கு மணிக்கட்டில் வலி. சாப்பிட்டுக் கையைக் கழுவிவந்ததும் பையிலிருந்து தைலத்தை எடுத்துத் தேய்க்கிறாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, அதற்குள் வாசனை வந்துவிட்டது. பச்சை மூடி, அதே தைலம், இன்னும் அதை விற்கிறார்கள். மைதானத்தின் கோடியில் ஸ்போர்ட்ஸ் ரூம், ஈட்டிகள் மூலையில் சாய்ந்திருக்கும், சுருட்டி வைத்த வலையில் பல்லி முட்டை, தரையில் தென்னைநார் மெத்தை. கோடைப் பயிற்சி முகாம், மத்தியானம் எல்லாரும் படுத்திருக்கிற நேரம். "முழங்காலுக்குத் தைலம் போட்டு நீவிவிடுதேன், வா," என்றார். போனேன். அவர் நீவியது கொஞ்ச நேரம்தான் முழங்காலாக இருந்தது. "வலி போயிட்டு சார்," என்று எழுந்தேன், செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெயிலில் கொதிக்கிற மண்ணில் ஓடினேன், அன்றைக்கு ஓடிய வேகத்தில் எந்த மேட்சிலும் ஓடியதில்லை. யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது, அதற்கு அப்போது என்னிடம் வார்த்தை இல்லை, ஒரு வேளை நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேனோ என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் ஹாஸ்டல் படியடியில் அவர் நின்றார். "பிரம்மசக்தி, முழங்கால் எப்படி இருக்கு?" மாடியில் பிலோமி குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள், ஏதோ பாட்டு முனகினாள், அது எனக்குக் கீழே வரைக்கும் கேட்டது. "எனக்குச் சரியாயிட்டு சார்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதோடு நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முப்பத்தாறு வருசத்தில் எத்தனை தடவை அந்தப் படியில் போய் நின்றிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வாய் தானாகத் திறந்து அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறது. "பிலோமிக்குத்தான் சார் ரொம்ப வலிக்குதாம்." "அப்ப வரச்சொல்லு." நான் மேலே போனேன். "மாஸ்டர் உன்னைக் கூப்பிடுதாரு." "என்னத்துக்காம்?" "தெரியல." ஈர முடியை அள்ளிக் கொண்டையாகப் போட்டுக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனாள். நான் அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். முதுகில் தட்டி கோ சொல்லிவிட்டு, அவள் எழுந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பி வந்தவள் சாயங்காலம் வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "என்னட்டி?" என்றேன். "ஒண்ணுமில்ல," என்றாள். அதற்குப் பிறகும் அவளுக்கு அழைப்பு வந்தது. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, அந்த நேரத்தில் நான் தூங்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் அதே கோடையில்தான் நாங்கள் மழையில் ஆடினோம், மைதானம் முழுக்கச் சிவப்புத் தண்ணீர், விழுந்து விழுந்து எழுந்தோம், பிலோமியும் சிரித்தாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இத்தனை வருசம் பத்திரமாக வைத்திருந்தேன், பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை, சிரிக்கிறாளே என்று. கல்யாணம் பேசி முடித்த நாளிலும், மகள் பிறந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த நாட்களிலும் கண்ணை மூடினால் எனக்கு அந்த மைதானம்தான் வந்தது, அந்த மழைதான் வந்தது. நல்லது என்று எனக்கு இருந்ததெல்லாம் அங்கேதான் இருந்தது. இப்போது இவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, அதை எடுத்துக்கொண்டு போகிறாளே என்று, வெட்கக்கேடு, எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த நானூறு பேருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம். அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.

"அக்கா," என்கிறாள் அபிநயா. நான் நிமிர்ந்து பார்க்கிறேன். "நீங்களும் கோகோதானே ஆடினீங்க? அந்தக் காலேஜ்தானே? உங்களுக்கு இவங்களைத் தெரியுமா?" கற்பகவல்லி தைல மூடியைத் திருகிக்கொண்டே என்னைப் பார்க்கிறாள். தெரியாது என்று சொன்னால் முடிந்துவிடும். எங்களுக்கு நாலு வருசம் பின்னாடி என்று சொல்லலாம், பார்த்த முகம்போல இருக்கிறது என்று சொல்லலாம், மணி இரண்டாகிவிட்டது என்று எழுந்துவிடலாம். "தெரியும்," என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "அவ சொல்லுதது உண்மை. அந்த ரூமுக்கு நானும் போயிருக்கேன்." அபிநயா என் கையைப் பிடித்தாள், என் கையில் தயிர் காய்ந்து ஒட்டியிருந்தது, அவள் விடவில்லை. கற்பகவல்லி இருபத்திரண்டு வருசமாக என்னோடு சாப்பிடுகிறவள். "நீ ஏன் சக்தி இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லல?" என்றாள். முன்னே பிலோமியைக் கேட்ட அதே கேள்விதான், ஆனால் இப்போது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "அந்த நாளெல்லாம் அவ்வளவு நல்லாருந்துச்சு கற்பகம்," என்றேன். "அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று தெரிந்தது. உண்மையான பதிலும் அதுதான்.

குழாயில் கையைக் கழுவினேன். என் போனில் அந்த வீடியோவைத் தேடி எடுத்தேன். அதில் என் பெயருக்குப் பக்கத்தில் என் முகம்தான் இருக்கிறது, மகள் கல்யாணத்தில் பட்டுச்சேலையோடு எடுத்தது. மாற்றிவிட்டு எழுதலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன், மாற்றவில்லை. எழுத்து எழுத்தாக அடித்தேன். என் பெயர் பிரம்மசக்தி. 1987 முதல் 1990 வரை இந்த டீமில் ஆடினேன். பிலோமினா சொல்வது உண்மை. எனக்கும் அதே அறையில் நடந்தது. சாட்சி கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். அனுப்பு என்பதைத் தொட்டேன். கமெண்ட்டுகளுக்கு மேலே போய் அது உட்கார்ந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கீழே ஒருவன் எழுதிவிட்டான், "அடுத்த ஆன்ட்டி வந்துட்டாங்க." முகத்தில் அறைந்த மாதிரித்தான் இருந்தது. இது ஒன்று. பிலோமிக்கு நானூறு. நான் அடித்ததைத் திரும்ப வாசித்தேன். அதில் ஒன்று இல்லை, அந்தப் படியடி இல்லை. அதை இங்கே எழுத முடியாது, அதை இவர்களிடம் சொல்லி ஆவதும் ஒன்றுமில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று, குரூப்பில் முன்னே இருந்த அந்த எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன். ஆறு தடவை அடித்தது.

"யாரு?"

"பிரம்மு."

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

"பிலோமி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு முதல்ல உன் பேரைச் சொன்னது நான்தான். உனக்கு முட்டி வலியே கிடையாது. நான் தப்பிக்கதுக்காகச் சொன்னேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ பைக்கை ஸ்டாண்டு போட்டார்கள்.

"தெரியும்," என்றாள் பிலோமி. "அன்னைக்கே அவரு சொல்லிட்டாரு. பிரம்மசக்திதான் உன்னை அனுப்பினான்னு சிரிச்சிட்டே சொன்னாரு."

முப்பத்தாறு வருசம். நெத்திலி டின், மைல்கல், மழை, எல்லாவற்றின்போதும் அவளுக்குத் தெரியும். என் பக்கத்தில் உட்கார்ந்து, என் நெற்றியில் சிலுவை போட்டபோதும் தெரியும். மன்னிச்சிரு என்று வாய்க்குள் இருந்தது, அதைச் சொன்னால் அதற்கும் அவளே ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது, சொல்லவில்லை.

"மக பக்கத்துல இருக்கா," என்றாள் அவள். "நாலு நாளா கமெண்ட் ஒண்ணுகூட எனக்குக் காட்ட மாட்டேங்கா. இப்பதான் ஒண்ணு காட்டினா. நீ எழுதினதா?"

"ஆமா."

"போட்டோவோட போட்டிருக்கே."

"ஆமா."

"நாளைக்கு உன் ஆபீஸ்ல பேசுவாங்க. உன் சம்பந்தி வீட்டுல பேசுவாங்க. நம்ம டீம் பிள்ளைங்களே உன்னைக் கூப்பிட்டு ஏசுவாளுவ." அவள் குரல் மாறவேயில்லை, வீடியோவில் பேசின மாதிரியே சொன்னாள். "அப்பவும் அதை அழிச்சிராத, பிரம்மு."

அழிக்க மாட்டேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.